காந்தக் குகைக்குள் இருபது நிமிடம்

கண்ணாமூச்சி ஆடும்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறீர்களா? உங்களில் சிலர் அங்கே வெகுநேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுகமாகப் படுத்திருப்பீர்கள். வேறு சிலர் அரை நிமிடம்கூடத் தாங்க முடியாமல், பிடிபட்டாலும் பரவாயில்லை என்று வெளியே ஓடி வந்திருப்பீர்கள். நீங்கள் எந்த வகை?

நான் இரண்டாம் வகை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டும் வரை அது எனக்கே தெரியாது. தெரிந்துகொண்ட இடம் ஒரு ஸ்கேன் அறை.

இரண்டாவது நிமிடத்தில்...

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தீராத கழுத்து வலி வந்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப் போகும். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். காந்த ஒத்ததிர்வு முறையில் உடலின் உட்புறத்தைப் படம் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். நான் உற்சாகமாகவே போனேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் மாணவர்களுக்குக் காந்தவியல் நடத்துகிறவனுக்கு அந்த இயந்திரத்திடம் என்ன பயம்?

சாவிக்கொத்து, சில்லறை, பெல்ட், இடுப்புக் கயிற்றில் இருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். நீளமான பலகை ஒன்றில் படுக்கச் சொன்னார்கள். கழுத்துக்கும் முகத்துக்கும் மேலே பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து, "ஏதாவது தொந்தரவுன்னா இதை அமுக்குங்க சார், உடனே வெளியே எடுத்துடுவோம்" என்றார் அங்கே பணியில் இருந்த பெண். பலகை மெதுவாக நகர்ந்து என்னைத் தலைப்பக்கமாகக் குழாய்க்குள் கொண்டு போயிற்று.

உள்ளே போனதும் கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேர் மேலே ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் வெள்ளைச் சுவர். அந்தக் கணத்தில் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது. காற்றே இல்லாதது போல் தோன்றியது. இரண்டாவது நிமிடத்தில் குமிழை அமுக்கிவிட்டேன்.

"பரவாயில்லை சார், நிறையப் பேருக்கு இப்படி ஆகும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு மறுபடி பார்க்கலாம்" என்றார் அந்தப் பெண். நான் கேட்கவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். வீட்டில், "மெஷின் ரிப்பேராம்" என்று இன்னொரு பொய் சொன்னேன். வலி அப்படியே இருந்தது. வலிக்குக் காரணம் என்ன என்பதும் தெரியாமலே இருந்தது.

அன்று இரவு முழுவதும் ஒரே கேள்விதான். காந்தப் புலத்தின் சமன்பாடுகள் எல்லாம் தெரிந்த எனக்கு அவற்றில் ஒன்றுகூட ஏன் உதவவில்லை? பிறகு புரிந்தது. அந்த அறையில் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, எனக்குத் தெரிந்த காந்தம். மற்றொன்று, எனக்குத் தெரியாத என் உடம்பு. இரண்டையும் அறிந்தவரே அங்கே நிம்மதியாகப் படுத்திருக்க முடியும். முதலில் காந்தத்தைப் பார்ப்போம்.

ஏன் இத்தனை குறுகல்?

நம் உடலில் பெரும் பங்கு நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான். அது ஒரு மிகச் சிறிய காந்த ஊசியைப் போல் நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப் புலத்தில் வைத்தால் இந்த ஊசிகள் புலத்தின் திசையைச் சுற்றிப் பம்பரம் போல் தலையாட்டுகின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் அவை நொடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஆடும். நாம் பாட்டுக் கேட்கும் பண்பலை வானொலி 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள ரேடியோ அலைதான் இது. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் புரோட்டான்கள் அதை ஏற்றுக்கொண்டு, பிறகு திருப்பி ஒரு மெல்லிய குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கொண்டுதான் படம் வரையப்படுகிறது. எக்ஸ் கதிர் இதில் கிடையாது.

1946-இல் பெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் என்ற இரு அறிவியலாளர்கள் தனித்தனியே இந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தனர். அதைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று 1973-இல் காட்டியவர் பால் லாட்டர்பர். அந்த முறையை வேகப்படுத்தியவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. பின்னவர் இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

1.5 டெஸ்லா என்பது எவ்வளவு? தமிழ்நாட்டுப் பகுதியில் பூமியின் காந்தப் புலம் சுமார் 42 மைக்ரோ டெஸ்லா. வகுத்துப் பாருங்கள். ஸ்கேன் இயந்திரத்தின் புலம் அதைப்போல் 35,000 மடங்குக்கும் அதிகம்! இத்தனை வலிய புலத்தை உண்டாக்க நயோபியம்-டைட்டானியம் உலோகக் கலவைக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, திரவ ஹீலியத்தின் உதவியால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பியின் மின்தடை மறைந்துவிடும். ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அந்தக் காந்தம் இரவும் பகலும் காந்தமாகவே இருக்கும். ஊக்கும் கொண்டை ஊசியும் உள்ளே போகக் கூடாது என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இனி, குழாய் ஏன் குறுகல் என்ற கேள்விக்கு வருவோம். 1.5 டெஸ்லா புலத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரைச் சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இது போதும். குழாயின் விட்டம் பொதுவாக 60 சென்டிமீட்டர். அதை 70 ஆக்கினால் குறுக்குப் பரப்பு எத்தனை மடங்காகும்? 70-ஐ 60-ஆல் வகுத்து இருமடியாக்குங்கள். 1.36 வரும். பத்தே சென்டிமீட்டர் அகலத்துக்காக 36 சதவீதம் அதிக இடத்தைக் காந்தப் புலத்தால் நிரப்ப வேண்டும். அதுவும் ஒரே சீராக நிரப்ப வேண்டும். இதனால்தான் நெடுங்காலம் குழாய்கள் குறுகலாகவே இருந்தன. இப்போது 70 சென்டிமீட்டர் அகலமுள்ளவையும் பல இடங்களில் வந்துவிட்டன.

முகத்துக்கு மேலே வைத்த கூண்டு எதற்கு? பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட ஏறத்தாழ ஐந்துதான் அதிகம். நமக்குக் கேட்பது அந்தச் சிறுபான்மையின் குரல். மெல்லிய குரலைக் கேட்க வேண்டுமானால் காதை அருகில் கொண்டுபோக வேண்டும் அல்லவா? அந்தக் கூண்டுதான் இயந்திரத்தின் காது. அது நம்மைக் கட்டிப்போட வந்ததன்று. நம்மைக் கேட்க வந்தது.

ஏன் இத்தனை சத்தம்?

உள்ளே படுத்தவர்கள் எல்லாரும் சொல்லும் குறை, சத்தம். தட்தட் என்று சுத்தியல் அடிப்பது போல ஒன்று, கிர்ர்ர் என்று துளையிடுவது போல ஒன்று. இயந்திரம் உடைந்து விழப்போகிறதோ என்று தோன்றும். 100 டெசிபலையும் தாண்டும் என்பதால் காதில் அடைப்பான் வைக்கிறார்கள்.

வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? காந்தம் ஒன்றும், அதன் இடைவெளியில் கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கும். சுருளில் மின்னோட்டம் மாறும்போது விசை பிறந்து சுருள் அதிர்கிறது, ஒலி வருகிறது. ஸ்கேன் இயந்திரத்திலும் இதே கதைதான். குரல் உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, பெரிய காந்தத்தின் உள்ளே வேறு சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை ஏற்றி இறக்குகிறார்கள். சுருள்கள் அதிர்கின்றன. நாம் படுத்திருப்பது ஒரு மாபெரும் ஒலிபெருக்கியின் நடுவில்! சத்தம் வருகிறது என்றால் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

கையில் கொடுக்கும் குமிழிலும் இயற்பியல் உண்டு. பொதுவாக அதில் மின்கம்பி இருக்காது. அமுக்கினால் குழாய்வழியே காற்றழுத்தம் போய் வெளியே மணி அடிக்கும். காந்தத்துக்கு நடுவே மின்கம்பி வேண்டாம் என்பதற்காகச் செய்த எளிய ஏற்பாடு. கனமான கதவை மூடுவதும் நம்மை அடைப்பதற்காக அன்று. அறையின் சுவருக்குள் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். வெளி உலகின் ரேடியோ அலைகள் உள்ளே வந்து அந்த மெல்லிய குரலைக் கெடுக்காமல் அது தடுக்கிறது. குழாயோ இரு முனையிலும் திறந்தே இருக்கிறது. உள்ளே மின்விசிறிக் காற்றும் வருகிறது.

ஏன் அசையக் கூடாது? இந்தப் படம் கேமராவில் 'கிளிக்' என்று எடுப்பது போன்றதன்று. கோலத்தை ஒவ்வோர் இழையாக இழுப்பது போல, தகவல் வரிவரியாகச் சேர்கிறது. பாதிக் கோலத்தில் தரை நகர்ந்தால் என்ன ஆகும்? அதுதான் படத்துக்கும் ஆகும். 1977 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் ரேமண்ட் டமேடியனும் அவர் மாணவர்களும் முதன்முதலாக ஒரு மனிதரின் மார்பை இம்முறையில் ஸ்கேன் செய்தபோது, உள்ளே இருந்த லாரி மின்காஃப் என்ற மாணவர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று பல ஸ்கேன்கள் இருபது நிமிடம் முதல் முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகின்றன.

உடலுக்குள் ஓர் அபாய மணி

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏன் ஓடி வந்தேன்? இப்போது இரண்டாவது இயந்திரத்தைப் பார்ப்போம்.

அடைபட்ட இடத்தைக் கண்டு வரும் பேரச்சத்துக்குக் 'கிளாஸ்ட்ரோஃபோபியா' என்று பெயர். பூட்டு, அடைப்பு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லும், அச்சம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. இது கோழைத்தனமும் அன்று, அறிவுக்குறைவும் அன்று. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் அது மணி அடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சு விரைவாகும். கால்கள் ஓடத் தயாராகும்.

இந்த மணி வீணானது என்று எண்ண வேண்டாம். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நச்சு வாயு இருக்கலாம். மூடிய பெட்டிக்குள் காற்று உண்மையிலேயே தீர்ந்துபோகும். அங்கெல்லாம் அச்சம்தான் நம் உயிரைக் காக்கும் காவல்காரன். ஆனால் அந்தக் காவல்காரனுக்குப் படிக்கத் தெரியாது. 'இது மருத்துவமனை, இது திறந்த குழாய்' என்ற பலகையை அவன் படிப்பதில்லை. குறுகல், இருட்டு, அசைய முடியாமை, இவற்றைக் கண்டாலே குரல் கொடுத்துவிடுகிறான்.

காற்றே போதவில்லை என்று தோன்றியது என்றேன் அல்லவா? அதில்தான் வியப்பு. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. குறைவது கரியமில வாயு! அது அளவுக்குமேல் வெளியேறினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும். விரல் நுனியும் உதட்டோரமும் ஊசி குத்துவது போல் இருக்கும். மூச்சு முட்டுவது போலவே தோன்றும். உடனே நாம் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய கதைதான்.

இந்தச் சுழலிலிருந்து வெளிவர வழி, மூச்சை வெளியே விடுவதை நீளமாக்குவது. நான்கு எண்ணும் வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வேலை கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. அபாய மணியை நாம் நினைத்தவுடன் நிறுத்த முடியாது. ஆனால் நாம் நேரடியாகக் கைவைக்கக்கூடிய ஒரு கயிறு நம்மிடம் உண்டு. அது மூச்சு.

முயலும் சிறுவனும்

மூச்சு மட்டும் போதுமா? இதற்கு ஒரு பழைய சோதனை விடை தருகிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் அவன் பெயர் பீட்டர். முயலைக் கண்டால் அவனுக்கு ஒரே நடுக்கம். ஜோன்ஸ் என்ன செய்தார்? பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயல் இருக்கும் கூண்டைத் தொலைவில் வைத்தார். அவன் பதறாத தூரம்தான். பிறகு நாளாக நாளாகச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைக் கையால் தடவிக் கொடுத்தான்.

பின்னாளில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் இதே கருத்தை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்து 1958-இல் நூலாக வெளியிட்டார். அடிப்படை எளியது. பயந்த இடத்திலிருந்து ஓடினால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். அடுத்த முறை பயம் கூடும். தாங்கக்கூடிய அளவில், பயம் தானே தணியும் வரை அங்கே இருந்தால், 'இங்கே ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதிக்கொள்ளும். காவல்காரனுக்குப் படிக்கத் தெரியாது, பழகத் தெரியும்.

இரண்டாம் முறை

முதலில் என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "இதைச் சொல்லத்தான் நாலு நாளா முகத்தைத் தூக்கி வச்சிருந்தீங்களா?" என்றார். அதன் பிறகு பத்து நாள் தினமும் கட்டிலுக்கு அடியில் படுத்தேன். முதல் நாள் ஒரு நிமிடம். அடுத்த நாள் மூன்று. பிறகு முகத்தின் மேல் மாவுச் சல்லடையை வைத்துக்கொண்டு ஐந்து. கடைசி நாட்களில் கைப்பேசியில் ஸ்கேன் சத்தத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவும் உதவியது.

மறுபடி போனபோது, "எனக்கு இந்தப் பயம் உண்டு அம்மா, போன தடவை பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. சொன்னதும் எத்தனை வசதிகள் கிடைத்தன தெரியுமா? உள்ளே போகும் முன்பே கண்ணை மறைக்கத் துணி கொடுத்தார். ஒருமுறை சும்மா உள்ளே அனுப்பி வெளியே எடுத்துக் காட்டினார். உலோகம் எதுவும் இல்லை என்று சோதித்துவிட்டு, காதுக்கும் அடைப்பான் கொடுத்து, என் மனைவியைக் கால்மாட்டில் உட்கார அனுமதித்தார். "அடுத்தது நாலு நிமிஷம் சார்", "இன்னும் ரெண்டுதான்" என்று ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் குரல் கொடுத்தார்.

பயம் வராமல் இல்லை. மூன்றாவது பகுதியில் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. குமிழ் கையில் இருந்தது. 'இப்போது வேண்டுமானாலும் அமுக்கலாம், ஆனால் இன்னும் பத்து மூச்சு பார்ப்போம்' என்று எண்ணத் தொடங்கினேன். ஏழாவது மூச்சில் அலை இறங்கியது. படம் கிடைத்தது. கழுத்து எலும்புகளுக்கு இடையே இருந்த வட்டு ஒன்று சற்றுப் பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியிலேயே வலி பெரிதும் குறைந்தது.

அக்காவின் முகமூடி

அடுத்த ஆண்டு என் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 35 முறை. புற்றுநோய்க் கட்டிக்குச் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் இருக்கலாம். கதிர் தடம் மாறக் கூடாது. எனவே ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் இருக்க முகமூடி செய்கிறார்கள். சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இட்டால் மெழுகு போல் இளகும் துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு அது. நீரை வடித்து, சற்று ஆறவிட்டு, முகத்தின் மேல் படியவைத்தால் சில நிமிடங்களில் முகத்தின் அச்சாக இறுகிவிடும். பிறகு அதைப் பலகையோடு பூட்டுவார்கள்.

முதல் நாள் முடிந்ததும், "என்னை உயிரோடு கட்டிப்போட்ட மாதிரி இருக்குடா தம்பி. நான் இனிமே போக மாட்டேன்" என்றார் அக்கா. வீட்டில் ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். "இதுக்குப் போய் பயப்படலாமா?" என்றும் கேட்டார்கள். அக்கா பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்தச் சிகிச்சையில் இடையிடையே நாட்கள் விட்டுப்போனால் பலன் குறைந்துவிடும். என் கழுத்து வலி காத்திருந்தது. புற்றுநோய் காத்திருக்காது.

நான் புத்தி சொல்லவில்லை. நான் குழாயிலிருந்து ஓடி வந்த கதையையும் சொன்ன பொய்களையும் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்த்து, "நீயா?" என்றார். மறுநாள் இருவரும் போய்ச் சிகிச்சைப் பிரிவில் பேசினோம். முகமூடியில் கண் இருக்கும் பகுதியை வெட்டித் திறந்துவிட முடியும் என்றார்கள், வெட்டியும் கொடுத்தார்கள். கதிர் பாயும்போது அறையில் யாரும் இருக்க முடியாது, ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவோம் என்று காட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று அக்கா கேட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றார்கள். "ஒரு ஈடு இட்லி வேகிற நேரம்" என்றார் அக்கா.

அன்று முதல் அதுதான் அவருடைய கணக்கு. படுத்தவுடன் மனதுக்குள் அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றுவார், மூச்சை எண்ணுவார், இறக்குவார். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் ஒரு கோடு. இரண்டு முறை கையைத் தூக்கினார். இரண்டு முறையும் உடனே நிறுத்தினார்கள். தூக்கினால் நிறுத்துவார்கள் என்பது உறுதியான பிறகு, தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. 35 கோடுகளும் விழுந்தன. அந்த முகமூடி இன்றும் அக்கா வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படிப்பட்ட பரிசோதனை வரலாம். அப்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

பயம் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு. உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவியோ உலோகமோ இருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில படங்களுக்குக் கால்பக்கமாக உள்ளே போகலாம். அகலக் குழாயோ பக்கங்கள் திறந்த இயந்திரமோ கிடைக்கலாம். பயம் மிகுதியானால் தூக்க மருந்தும் உண்டு. எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். சி.டி. ஸ்கேன் என்றால் கவலை இன்னும் குறைவு. அது குழாயன்று, அகலமான ஒரு வளையம். எக்ஸ் கதிர் பாயும் நேரமும் பெரும்பாலும் சில நொடிகள்தான்.

பயிற்சி செய்ய விரும்பினால், பெரியவர் ஒருவர் அறையில் இருக்கும்போது, திறந்த இடத்தில், கட்டிலுக்கு அடியில் மட்டும் செய்யுங்கள். பெட்டி, அலமாரி, குதிர் போன்று மூடும் எதற்குள்ளும் ஒருபோதும் போகாதீர்கள். அங்கே காவல்காரன் சொல்வதுதான் சரி.

இன்றே செய்து பார்க்க ஒரு சோதனையும் உண்டு. அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். பிறகு நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இரண்டு நிமிடம் இப்படிச் செய்தபின் மீண்டும் நாடியை எண்ணுங்கள். வீட்டில் நான்கு பேருக்குச் செய்து அட்டவணை போடுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் குறையாது. யாருக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் பாட்டியோ நண்பரோ ஸ்கேன் அறை வாசலில் தயங்கி நின்றால் சிரித்துவிடாதீர்கள். குழாயின் இரு முனையும் திறந்திருக்கும் என்பதையும், அந்தச் சத்தம் எதற்கு என்பதையும் உங்களால் இப்போது விளக்க முடியும். விளக்கிவிட்டு, கூட வரட்டுமா என்று கேளுங்கள்.